அந்தத் தீவு ஒருநாளும் காலியா இருந்ததில்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் மொரீஷியஸ்ல இருந்து எழுதுறேன், போர்ட் லூயிஸ்க்கு பக்கத்துல புவான்த் ஓ சாப்னு கடலோர ஊரு, பிரைமரி ஸ்கூல்ல தமிழ் சொல்லித் தர்ற டீச்சர் நான். உங்க பேப்பர போன்லதான் படிக்கிறேன், காலைல டீ போட்டு வச்சுட்டு மொதல்ல திறக்கிறது அதுதான், சிதம்பரத்துல அண்ணாமலை யுனிவர்சிட்டில ஹாஸ்டல்ல தங்கி மூணு வருஷம் படிச்சப்ப வந்த பழக்கம், அப்ப மெஸ்ல ஒரு பேப்பர நாலு பேர் தாள் தாளா பிரிச்சுக்கிட்டுப் படிப்போம். இத்தன வருஷத்துல உங்களுக்கு ஒரு லெட்டர் போட்டதில்ல. இப்ப எழுத வேண்டி வந்துருச்சு.

இந்துமாக்கடல் நடுவுல இருக்கிற சாகோஸ் தீவுங்கள பிரிட்டன் எங்க நாட்டுக்குத் திருப்பித் தர்றதா 2025 மே 22ம் தேதி கையெழுத்தாச்சு இல்லையா, அத நீங்க உலகச் செய்தி பக்கத்துல போட்டிருந்தீங்க, சந்தோஷமா திறந்தேன். மொத வரிலயே "மக்கள் வசிக்காத தீவுக்கூட்டம்"னு இருந்துச்சு. அப்புறம் அமெரிக்கா தளம், சீனா வந்துருமா, இந்தியாவுக்கு நல்லதா கெட்டதா, குண்டு போடுற விமானம் எத்தன நிக்கும், இப்படியே கடைசி வரைக்கும் போகுது. செய்தி முழுக்க தேடிப் பாத்தேன் ஐயா, அங்க ஒரு மனுசன் பொறந்தான் செத்தான்னு ஒரு வார்த்த இல்ல.

அந்த செய்திய நான் படிச்சது ஒரு சனிக்கிழம சாயங்காலம், எங்க வீட்டு பின்பக்கம் மதில் ஒட்டி. மதிலுக்கு அந்தப் பக்கம் எங்க தாந்தின் தென்னமட்டைய கொளுத்தி தாம்பூர் காய்ச்சிக்கிட்டு இருந்தாங்க. தாந்தின்னா அத்தைன்னு வச்சுக்கோங்க, இங்க வயசுல பெரிய பொம்பளைங்கள அப்படித்தான் கூப்புடுவோம். தாம்பூர்ங்கறது அகலமான ஒத்த தோல் மேளம், ஆட்டுத்தோலு, நெருப்புல வாட்டி வாட்டித்தான் சத்தம் ஏத்தணும், உங்க ஊர்ல பறை காய்ச்சுவாங்கல்ல அதே மாதிரிதான், சிதம்பரத்துல தேர் பாக்கப் போனப்ப வைக்கோல் போட்டு பறை காய்ச்சுனத பாத்துட்டு எனக்கு வீட்டு ஞாபகம் வந்து கண்ணு கலங்கிருச்சு, கூட வந்த பொண்ணுங்களுக்கு ஏன்னே புரியல.

இந்த தாந்தின் பொறந்தது டியகோ கார்சியாவுல, சாகோஸ்லயே பெரிய தீவு, அமெரிக்கா தளம் இருக்கிறது அங்கதான். நீங்க மக்கள் வசிக்காததுன்னு போட்ட அதே தீவுக்கூட்டம்.

மேப்ப எடுத்துப் பாருங்க, கன்னியாகுமரிக்கு தெக்க கடல்ல போனா அந்தத் தீவுங்க எங்களவிட உங்களுக்குத்தான் கிட்ட. எங்களுக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல. பிரெஞ்சுக்காரன் காலத்துல, 1780கள்ல, தென்னந்தோப்பு போடுறதுக்கு மொசாம்பிக், மடகாஸ்கர் பக்கம் இருந்து அடிமைங்கள கொண்டு போய் விட்டாங்க, பின்னாடி இந்தியாவுல இருந்து கூலிக்குப் போனவங்களும் சேந்தாங்க, கொப்பரைதான் தொழில், எண்ணெய்தான் வியாபாரம். அஞ்சாறு தலமுற அங்கயே வாழ்ந்து அங்கயே பொதச்சாங்க. சர்ச் இருந்துச்சு, கல்லறை இருந்துச்சு, டியகோ கார்சியாவுல மின்னி மின்னின்னு ஒரு இடம் இருந்துச்சு, அந்தப் பேர தாந்தின் சொல்லும்போது குழந்த மாதிரி சிரிப்பாங்க. தேங்காப்பால் ஊத்தி மீன வேக வைப்பாங்க, அதுக்கு செராஸ்னு பேரு. தென்னமரத்துல எறக்குற போதைக்கு என்ன பேர் தெரியுமா ஐயா, கலூ. நம்ம கள்ளுதான், வேற ஒண்ணும் இல்ல. நம்ம வார்த்த ஒண்ணு நமக்குத் தெரியாமலே அந்த தீவுல இருநூறு வருஷம் பொழங்கியிருக்கு, இத நான் ஸ்கூல்ல பிள்ளைங்ககிட்ட சொன்னா கண்ண விரிச்சுக் கேக்குதுங்க.

எங்களுக்கு சுதந்திரம் வந்தது 1968 மார்ச் 12. அதுக்கு முன்னாடியே, 1965 நவம்பர் 8ம் தேதி, பிரிட்டன் சாகோஸ எங்ககிட்ட இருந்து தனியா வெட்டி எடுத்துக்கிச்சு, எங்களுக்கு 30 லட்சம் பவுண்டு குடுத்தாங்க. 1966 கடைசில அமெரிக்காவுக்கு 50 வருஷத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு, பதிலுக்கு பிரிட்டன் அவங்ககிட்ட போலாரிஸ் ஏவுகணை வாங்குனதுல 1.4 கோடி டாலர் ரகசியமா தள்ளுபடி. அமெரிக்காக்காரன் கேட்டது ஆள் இல்லாத தீவு. ஆள் இருந்தாங்க. அதனால ஆள் இல்லன்னு எழுதணும்னு முடிவு பண்ணாங்க, நிரந்தரமா வாழுறவங்க யாரும் இல்ல, எல்லாம் கான்ட்ராக்ட் கூலிங்க, வந்து போறவங்கன்னு பேப்பர்ல எழுதுனாங்க, 1966ல லண்டன்ல ஒரு அதிகாரி எழுதுன குறிப்புல அங்க இருக்கிறது நாலஞ்சு டார்ஜானுங்கன்னு இருக்கு, அந்தக் குறிப்பு பின்னாடி கோர்ட்டுல வெளிய வந்துச்சு. அதனாலதான் ஐயா உங்க மொத வரி என்ன அப்படிக் குத்துச்சு. "மக்கள் வசிக்காத"ங்கற வார்த்தைய நீங்க கண்டுபுடிக்கல, அது 60 வருஷத்துக்கு முன்னாடி ஒரு சனத்த தொடச்செறியறதுக்குன்னே செஞ்ச வார்த்த, ஏஜென்சி வழியா இன்னைக்கு நம்ம தமிழ்ல வந்து உக்காந்திருக்கு.

1968ல இருந்தே ஆரம்பிச்சுட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு, சொந்தக்காரங்கள பாக்கன்னு மொரீஷியஸ் வந்தவங்க திரும்பிப் போக கப்பல் கேட்டா இனிமே கப்பல் கெடையாது, உங்க தீவ வித்தாச்சுன்னு சொல்லிட்டாங்க. ரீத்தா பான்கூல்ட்னு ஒரு அம்மா, சாகோஸ்லயே பெரோஸ் பானோஸ்ங்கற தீவுக்காரங்க, வண்டி சக்கரம் ஏறி கால் நசுங்குன மகள தூக்கிக்கிட்டு வைத்தியத்துக்கு வந்தாங்க, மக செத்துப் போச்சு, அவங்க வீட்டுக்கு திரும்பிப் போகவே முடியல. 2016ல அவங்க இறக்குற வரைக்கும் அந்த தீவுல போயி வாழ முடியல. அவங்க மகன் ஒலிவியே பான்கூல்ட்தான் லண்டன் கோர்ட்டுல கேஸ் போட்டு 2000ல ஜெயிச்சது, அப்புறம் 2004ல ராணி பேர்ல ஒரு உத்தரவு போட்டு அத ஒண்ணுமில்லாம ஆக்குனாங்க, 2008ல மேல்கோர்ட்டுல மூணுக்கு ரெண்டுன்னு தோத்தாங்க.

தாந்தினுக்கு 1971ல ஒன்பது வயசு. டியகோ கார்சியாவ காலி பண்ணது அந்த வருஷம். அவங்க ஞாபகத்துல மொதல்ல நிக்கிறது நாய். வீட்டுக்கு வீடு நாய் வளத்தாங்க, மீன் புடிக்கிற நாய்ங்க, தண்ணில எறங்கி வட்டமா நின்னு மீன கரைக்கு தள்ளும்னு சொல்வாங்க. எல்லா நாயையும் புடிச்சு கொப்பரை காயவைக்கிற ஷெட்டுல அடைச்சு வண்டிப் புகைய உள்ள விட்டு கொன்னாங்க. இது கதை இல்ல ஐயா, எழுத்துல இருக்கிற சங்கதி. பிள்ளைங்க எல்லாம் வெளிய நின்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்களாம். அடுத்தது நாமதான்னு அவங்க அப்பா சொன்னாராம். அங்க இருந்து பெரோஸ் பானோஸ் தீவுக்கு போனாங்க, ரெண்டு வருஷம், 1973ல அதையும் காலி பண்ணி நோர்ட்வேர்ங்கற கப்பல்ல ஏத்தி போர்ட் லூயிஸ்ல கொண்டு வந்து விட்டாங்க. அந்த வருஷம் வந்தவங்க கப்பல விட்டு எறங்க மாட்டோம், எங்கள திருப்பி கொண்டு போய் விடுங்கன்னு கப்பல்லயே உக்காந்துட்டாங்க, நாள்கணக்கா. கடைசில எறக்கி விட்டது பே து தோம்போ பக்கம் ஆள் புழங்காத கட்டடத்துல. ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு மெத்தைன்னு கொண்டு வந்த எடத்துல அவங்க அப்பா தாம்பூர தோள்ல மாட்டிக்கிட்டு வந்தாராம். அந்த தாம்பூரத்தான் இன்னும் தாந்தின் காய்ச்சுறது, தோல் மூணு தடவ மாத்தியாச்சு, மரம் மட்டும் அங்க வெட்டுனது.

இங்க வந்தப்புறம் நெறைய பேர் செத்தாங்க. என்ன வியாதின்னு கேட்டா தாந்தின் ஒரே வார்த்தைதான் சொல்வாங்க, சாக்ரேன். அத தமிழ்ல எப்படி சொல்றதுன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன், சோகம்னு சொன்னா பத்தாது, எங்க பாட்டி இருந்தா "ஏங்கிப் போய்ட்டா"ன்னு சொல்லியிருப்பாங்க, அதுதான் சரி. ஏங்கியே செத்தாங்க.

நஷ்டஈடு கொஞ்சம் வந்துச்சு. 1978ல ஒரு தடவ, 1982ல பிரிட்டன் 40 லட்சம் பவுண்டு குடுத்தப்ப ஒரு தடவ. ரெண்டாவது தடவ பணத்தோட ஒரு காகிதமும் வந்துச்சு, இங்கிலீஷ்ல, இனிமே திரும்பிப் போகக் கேக்க மாட்டோம்ங்கற மாதிரி. படிக்கத் தெரியாத பொம்பளைங்க கைநாட்டு வச்சாங்க. பணம் வாங்குன கையெழுத்துன்னு நெனச்சுதான் வச்சேன்னு சொன்னவங்க எத்தனையோ பேர். கைநாட்டுன்னதும் எனக்கு எங்க கொள்ளுத்தாத்தாதான் கண்ணுல வர்றார், அவரும் என்ன எழுதியிருக்குன்னு தெரியாமதான் மெட்ராஸ் துறைமுகத்துல அஞ்சு வருஷ கூலி ஒப்பந்தத்துல விரல் வச்சாரு. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு ஐயா, அத நான் சொல்லியே ஆகணும். எங்க கொள்ளுத்தாத்தா வந்த கப்பல், எறங்குன தேதி, போன கரும்புத் தோட்டம் எல்லாம் ரெஜிஸ்டர்ல இருக்கு, மோகாவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல கேட்டா தேடி எடுத்துத் தர்றாங்க, நான் வாங்கி கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கேன். அவர் எறங்குன துறைமுக படிக்கட்ட ஆப்ரவாசி காட்னு உலக பாரம்பரிய சின்னமா வச்சிருக்கு. தாந்தினுக்கு அப்படி காட்ட என்ன இருக்கு?

பாட்டு இருக்கு. இதச் சொல்லத்தான் ஐயா இத்தன நீளமா எழுதுறேன்.

சேகான்னா டூரிஸ்ட் ஓட்டல்ல கலர் பாவாட போட்டு ஆடுறது மட்டும்னு நெனச்சிருப்பீங்க, நம்ம சினிமாக்காரங்க ஷூட்டிங் வந்தா அதத்தான் எடுத்துட்டுப் போறாங்க. சேகா அடிமைங்களோட பாட்டு. ராவான்ங்கற தோல் மேளம், மராவான், முக்கோண கம்பி, மூணே வாத்தியம், மராவான்ங்கறது கரும்புப் பூ தண்டுல செஞ்ச தட்டைப் பெட்டி, உள்ள விதை போட்டு ஆட்டுறது. தீ ஃப்ரேர்னு ஒரு பெரிய பாட்டுக்காரர் இருந்தாரு, 1900ல பொறந்து 1992ல இறந்தாரு, அந்தக் குரல கேட்டா தொண்டையில மண்ணு ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கும். 2014ல மொரீஷியஸ் சேகாவ யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்தாங்க, 2017ல ரோட்ரிக்ஸ் தீவோடது. சாகோஸ் சேகா தாம்பூர 2019ல சேத்தாங்க, ஆனா அது வேற லிஸ்ட், அழியப் போகுது ஒடனே காப்பாத்தணும்ங்கற லிஸ்ட். ஏன்னா அங்க பொறந்தவங்களே கொஞ்ச கொஞ்சமா போய்க்கிட்டு இருக்காங்க, இளசுங்க வேற பாட்டு கேக்குதுங்க.

சாகோஸ் பாட்டுல என்ன இருக்கும்னு கேட்டா, சனிக்கிழம ராத்திரி தோட்ட வேல முடிஞ்சு சம்பளம் வாங்கி தீ மூட்டி உக்காந்து பாடுனதுதான், யார் யாரோட சண்ட, எவன் படகு கவுந்துச்சு, எந்த கணக்குப்புள்ள தேங்காய கொறச்சு எண்ணுனான், எந்தக் கரையில ஆமை ஏறும், இதெல்லாம்தான். தாந்தினோட அப்பா கட்டுன பாட்டு ஒண்ணு இருக்கு, அவங்க வீட்டுல மட்டும் பாடுறது, அதுல பெரோஸ் பானோஸ்ல ஈல் து குவேன்ங்கற தீவுல இருந்து அடுத்த தீவுக்கு படகுல போற வழி முழுக்க வருது, எந்தப் பாறைய வலது கைப் பக்கம் விடணும், எந்த நேரம் தண்ணி வடியும், எந்த மரத்தடில அவர் அம்மாவ பொதச்சிருக்குன்னு. வந்து போற கூலிக்காரன் இப்படியா பாடுவான்? சொல்லுங்க. நம்ம கிராமத்துல பட்டா இல்லாத நெலத்துக்கு எல்லைய ஊர்ப் பெரியவங்க வாய்லதான் வச்சிருப்பாங்கல்ல, இந்த புளியமரத்துல இருந்து அந்த வாய்க்கா வரைக்கும்னு, அந்த மாதிரி. லண்டன்ல நாலு டார்ஜான்னு எழுதி வச்ச குறிப்புக்கு பதில் இந்தப் பாட்டுலதான் இருக்கு, கோர்ட்டுல யாரும் பாடச் சொல்லிக் கேக்கல அவ்வளவுதான்.

ஷார்லேசியா அலெக்சிஸ்னு ஒரு அம்மா, டியகோ கார்சியாவுல பொறந்தவங்க, தெருவுல எறங்கிப் போராடுனவங்கள்ல முக்கியமானவங்க, அவங்க பெரிய பாட்டுக்காரி. லிசெத் தலாத்துன்னு இன்னொருத்தங்க. இந்தப் பொம்பளைங்கதான் உண்ணாவிரதம் இருந்தது, போலீஸ்கிட்ட அடி வாங்குனது, ஜெயிலுக்குப் போனது. ரெண்டு பேரும் 2012ல இறந்துட்டாங்க. போராட்டத்துல கோஷத்தவிட பாட்டு அதிகம்னு அப்ப பாத்தவங்க சொல்வாங்க. எங்க ஊர்ல பாட்டும் அரசியலும் வேற வேற இல்ல. 1999 பிப்ரவரில காயான்னு ஒரு பாடகர், போர்ட் லூயிஸ் பக்கம் ரோஷ் புவாக்காரர், சேகாவயும் ரெக்கேவயும் கலந்து செக்கேன்னு உண்டாக்குனவர், போலீஸ் காவல்ல இருந்தப்ப செத்துப் போனாரு, நாடே தீப்புடிச்சு எரிஞ்சுச்சு நாலஞ்சு நாளு, நான் அப்ப கைக்குழந்தையோட வீட்டுக்குள்ளயே இருந்தேன், கடைங்க எரியுற பொகை வாசன இன்னும் மூக்குல இருக்கு. ரோஷ் புவாவுலதான் சாகோஸ்காரங்களும் நெறைய பேர் இருக்காங்க, ஏழ்மையும் ஒண்ணு பாட்டும் ஒண்ணு.

இப்ப எங்க தமிழ் சனத்தப் பத்தி ஒண்ணு சொல்றேன், இங்க இருக்கிறவங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. 1998ல புது ரூபா நோட்டுல தமிழ் எழுத்த இந்திக்குக் கீழ தள்ளிட்டாங்கன்னு நாங்க எல்லாரும் கொதிச்சு எழுந்தோம், அதுவரைக்கும் இங்கிலீஷ் அப்புறம் தமிழ் அப்புறம் இந்தின்னுதான் இருந்துச்சு, நாங்க விடல, நோட்ட திருப்பி வாங்கி வேற அடிச்சாங்க. நானும் போனேன், அதுல எனக்குப் பெருமைதான், இன்னைக்கும் கையில நோட்டு வந்தா அந்த எழுத்த தடவிப் பாப்பேன். ஆனா எழுத்துக்காக அப்படி வந்த நாங்க, வீட்டையே தொலைச்ச சனம் தெருவுல உண்ணாவிரதம் இருந்தப்ப எத்தன பேர் போயி பக்கத்துல உக்காந்தோம்? ரொம்பக் கொஞ்சம். சாகோஸ்காரங்கன்னா குடிப்பாங்க, சண்ட போடுவாங்கன்னு நம்ம வீடுகள்லயே பேசுனத நான் கேட்டு வளந்திருக்கேன். பாஷையே முக்கால்வாசி போயிட்டு பாட்டு மட்டும் மிஞ்சி நிக்கிறது எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாததா? தைப்பூசத்துக்கு காவடி எடுக்கிறவங்கள்ல எத்தனையோ பேர் முருகன் பாட்ட பிரெஞ்சு எழுத்துல எழுதி வச்சுத்தான் பாடுறாங்க, அர்த்தம் தெரியாது, ஆனா கண்ணுல தண்ணி நிக்குது. அந்த சனம் தாம்பூர தூக்கிட்டு வந்தப்ப மொதல்ல புரிஞ்சிருக்க வேண்டியது நமக்குத்தான்.

அரசியல் நெலம இங்க எப்படின்னும் சொல்லிடுறேன். 2019 பிப்ரவரி 25ல உலக கோர்ட்டு, சாகோஸ பிரிச்சது சட்டப்படி செல்லாது, பிரிட்டன் சீக்கிரமா வெளியேறணும்னு 13க்கு 1ன்னு கருத்து சொல்லிச்சு, மூணு மாசத்துல ஐநாவுல 116 நாடு எங்க பக்கம், இந்தியாவும் சேத்துதான், எதுத்து ஓட்டு போட்டது 6. 2022 பிப்ரவரில எங்க அரசாங்கம் ஒரு கப்பல அனுப்பி பெரோஸ் பானோஸ்ல எங்க கொடிய ஏத்துச்சு, கூட போன சாகோஸ்காரங்க அஞ்சு பேர் மண்ணுல முத்தம் குடுத்தத டிவில பாத்து தாந்தின் சேலைய மாதிரி மேஜ துணிய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டாங்க. 2024 அக்டோபர் 3ம் தேதி பிரிட்டன் சரின்னுச்சு. அடுத்த மாசம் 10ம் தேதி எங்க எலக்‌ஷன், ஃபோன் ஒட்டுக்கேட்ட ஆடியோவெல்லாம் வெளிய வந்து, ஒருநாள் சோஷியல் மீடியாவயே நிறுத்தி மறுநாள் திரும்ப விட்டு, கடைசில ஜனங்க 62ல 60 சீட்ட எதிர்க்கட்சியா இருந்த ராம்கூலம் கூட்டணிக்கு அள்ளிக் குடுத்தாங்க. புது கவர்மென்ட் வந்து திரும்ப பேசித்தான் மே மாசம் கையெழுத்து.

அந்த ஒப்பந்தத்துல எனக்கு மனசு ஆறல. தீவுங்க எங்களுதுன்னு காகிதத்துல ஆச்சு, சந்தோஷம். ஆனா டியகோ கார்சியா 99 வருஷத்துக்கு பிரிட்டன் கையில, தளம் அப்படியே இருக்கும், வருஷத்துக்கு சராசரியா 10.1 கோடி பவுண்டு எங்களுக்கு வரும். சாகோஸ்காரங்களுக்குன்னு 4 கோடி பவுண்டு ட்ரஸ்ட். மத்த தீவுங்கள்ல குடியேத்தலாம், டியகோ கார்சியாவுல கூடாது. அப்ப தாந்தின் பொறந்த ஊருக்கு? 99 வருஷம். வர்ற பணத்துல மொதல்ல கடன அடைக்கப் போறதா சொல்றாங்க, 2025 ஜூன் பட்ஜெட்ல முதியோர் பென்ஷன் வயச 60ல இருந்து படிப்படியா 65 ஆக்குறோம்னும் சொல்லி ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க, எனக்கும் அந்த வயசு நெருங்குது, கவல எனக்கும் உண்டு. ஆனா வாடகப் பணம் வந்துச்சுன்னா மொத செலவு, அந்த சனம் அவங்க அவங்க அம்மா அப்பா கல்லறைய போயி பாக்க வருஷா வருஷம் ஒரு கப்பலா இருக்கணும்ங்கறதுதான் என் எண்ணம். 1972லயும் இப்படித்தான் பிரிட்டன் குடுத்த பணம் எங்க அரசாங்கத்து கைக்கு வந்துச்சு, இந்த சனத்துகிட்ட போய்ச் சேர ஆறு வருஷம் ஆச்சு. அது எங்க தப்பு, பிரிட்டன் தப்பு இல்ல, அத மறைக்கிறதுல அர்த்தம் இல்ல.

சாகோஸ்காரங்களுக்குள்ளயே ஒரே பேச்சு இல்ல ஐயா. இங்க இருக்கிறவங்கள்ல ஒலிவியே பான்கூல்ட் பக்கம் வரவேத்தாங்க. 2002ல பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கெடச்சதும் நெறைய பேர் லண்டன் பக்கம் கேட்விக் ஏர்போர்ட் கிட்ட க்ராலிங்கற ஊருக்குப் போயிட்டாங்க, அவங்கள்ல பல பேருக்கு கோவம், எங்கள கேக்காம எங்க தீவ எப்படி ரெண்டு நாடு பேசி முடிக்கலாம்னு. கையெழுத்து போடுற அன்னைக்கு காலைல கூட டியகோ கார்சியாவுல பொறந்த ரெண்டு அம்மாங்க லண்டன் கோர்ட்டுல தடை வாங்கி சில மணி நேரம் எல்லாத்தையும் நிறுத்தி வச்சாங்க. தாந்தின் வீட்டுலயே ரெண்டு கட்சி, இவங்க இங்க சந்தோஷத்துல அழுறாங்க, க்ராலில இருக்கிற சித்தப்பா மக போன்ல கத்துறாங்க. நான் ரெண்டு பேர் சொல்றதையும் கேட்டேன், ரெண்டும் நியாயமாத்தான் படுது.

உங்க ஊர்ல இத கச்சத்தீவோட சேத்து பேசுறாங்கன்னு பாத்தேன். 1974ல குடுத்தது 285 ஏக்கர், மீனவங்க வல காயப்போட்ட எடம், அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு போற எடம், அந்த வலி எனக்குப் புரியுது, ராமேஸ்வரம் போனப்ப அவங்க வாயாலயே கேட்டிருக்கேன். ஆனா அங்க இருந்து யாரையும் வீட்ட பூட்டி கப்பல்ல ஏத்தல. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க, ரெண்டுக்கும் தனித்தனியா நியாயம் கேளுங்க.

இன்னொண்ணு நம்மளோடதே. 2021 அக்டோபர்ல கனடாவுக்கு போக கெளம்புன ஈழத்தமிழங்க படகு ஒண்ணு கடல்ல தத்தளிச்சு டியகோ கார்சியாவுல போய் ஒதுங்குச்சே, அதுல வந்த குழந்தைங்க பொம்பளைங்க எல்லாரையும் கூடாரத்துல, எலி ஓடுற எடத்துல, வேலிக்குள்ள மூணு வருஷம் வச்சிருந்தாங்களே, 2024 டிசம்பர்லதான் பெரும்பாலானவங்கள பிரிட்டனுக்கு கொண்டு போனாங்க, அந்த மாசமே கோர்ட்டும் அவங்கள அடைச்சு வச்சது சட்டவிரோதம்னு தீர்ப்பு சொல்லிச்சு. அந்த செய்திய நீங்க போட்டீங்க, நல்லா போட்டீங்க. அப்ப நான் தாந்தின்கிட்ட மொழிபெயர்த்து சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு அவங்க கேட்ட கேள்வி, அந்தப் பிள்ளைங்க கடல்ல குளிச்சுச்சுங்களா, விட்டாங்களா? அந்தக் கடல்ல குளிக்காம ஒரு பிள்ள மூணு வருஷம் அங்க எப்படி இருக்கும்னு. அந்த மண்ணுல பொறந்த பொம்பளைக்கு அங்க போக வழி இல்ல, அங்க சிக்குன நம்ம பிள்ளைங்களுக்கு வெளிய வர வழி இல்ல, ஒரே வேலி. 2025 மார்ச் கடைசில அங்க அமெரிக்காவோட பி-2 குண்டு விமானங்க வந்து நிக்குதுன்னு படம் போட்டீங்களே, அந்த ரன்வே முழுக்க தென்னந்தோப்பா இருந்த எடம்னு தாந்தின் போன பெருசாக்கி வெரல வச்சுக் காட்டுனாங்க.

அதனால நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல ஐயா. அடுத்த தடவ சாகோஸ் செய்தி வரும்போது, வரும், லண்டன்லயும் வாஷிங்டன்லயும் இது இன்னும் ஓடும், அப்ப "மக்கள் வசிக்காத"ங்கறத எடுத்துட்டு "1968ல இருந்து 1973க்குள்ள மக்கள் வெளியேத்தப்பட்ட"ன்னு போடுங்க. மூணு வார்த்த கூடும், எடம் பத்தலன்னா விமானத்துல ஒண்ண கொறச்சுக்கோங்க.

போன சனிக்கிழம நான் போன்ல அவங்க அப்பா பாட்ட ரெக்கார்ட் பண்ணேன், தாந்தின்தான் கேட்டாங்க, பேத்தி க்ராலில இருக்கு, அதுக்கு அனுப்பணும்னு. படகு வழி வரைக்கும் நல்லா வந்துச்சு. மரத்தடி வர்ற எடத்துல அடுத்த வரி அவங்களுக்கு மறந்துருச்சு, ரெண்டு தடவ திரும்ப ஆரம்பிச்சாங்க, வரல, தாம்பூர மடில கவுத்து வச்சுட்டு பேசாம இருந்தாங்க. அப்புறம் போன்ல கத்துன அதே சித்தப்பா மகளுக்கு வாட்ஸ்அப்ல கூப்புட்டாங்க, ரெண்டு மாசமா பேச்சு இல்ல, அந்தம்மா எடுத்துட்டு ஒண்ணும் கேக்காம அந்த வரிய பாடிக் காமிச்சாங்க. இந்த சனிக்கிழம மறுபடி ரெக்கார்ட் பண்றோம், அவங்க அங்க இருந்து, இவங்க இங்க இருந்து. எழுதி முடிச்சதும் தமிழ்ல அர்த்தத்தோட உங்களுக்கு அனுப்புறேன், தாந்தின் சரின்னுட்டாங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரோட பழைய வாசகி,
புவான்த் ஓ சாப், மொரீஷியஸ்